கூடுவாஞ்சேரியில் நிற்காத வண்டி

தாம்பரம் ஸ்டேஷனில் என் குரலுக்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. நடைமேடை எண்ணை நான் மாற்றிச் சொன்னால் போதும், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த குடும்பம் பெட்டி, கூஜா, மாமியார் சகிதம் படியேறி ஓடும். அதே குரலில் வீட்டில் "சரோ, ஒரு காபி" என்றால் டேபிள் ஃபேன் மட்டும் திரும்பிப் பார்க்கும். அதுவும் அதன் சுபாவம்.

ரயில் அறிவிப்பாளர் வேலை அப்படி. வருவதைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே தொனியில்.

எங்கள் ஒரே மகள் கெசியாவுக்கு அப்போது, அதாவது இரண்டாயிரத்து ஏழில், எட்டு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. படிப்பாள், பேசுவாள், கணக்கில் என்னைத் தோற்கடிப்பாள். ஆனால் மனதில் வருவது எதுவும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பீரியட் மணி அடித்தால் டெஸ்கைத் தள்ளிவிடுவாள், காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அருகில் எந்தக் கை இருக்கிறதோ அதைக் கடித்துவிடுவாள்.

தலைமையாசிரியை அபிதகுஜாம்பாள் நல்ல மனுஷி. அதனால்தான் காலாண்டு வரை பொறுத்தார். "அரையாண்டுக்குள்ள கொஞ்சமாவது மாற்றம் தெரியணும் சார். இல்லன்னா நீங்க வேற இடம்தான் பாக்கணும். மத்த பேரன்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எங்களுக்கு அது நாலாவது பள்ளி. ஏறி இறங்காத வேற இடம் அந்தப் பக்கத்தில் எதுவும் மிச்சமில்லை.

குரோம்பேட்டையில் கெசியாவுக்குப் பயிற்சி கொடுத்த ஜெயப்ரியா, மஞ்சள் முகங்கள் வரைந்த ஓர் அட்டையைத் தந்தார். சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம். கெசியா ஒவ்வொன்றாகத் தொட்டு, "மஞ்சள். மஞ்சள். மஞ்சள்" என்றாள்.

"தெரிஞ்ச முகமா இருந்தா நல்லது சார்" என்றார் ஜெயப்ரியா.

விடுவேனா? ஈஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். சந்தோஷம், துக்கம், கோபம், பயம் என்று நான்கு போட்டோ. "சார், கொஞ்சம் சிரிங்களேன்" என்றார் போட்டோக்காரர். "சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

"இது யாரு கெசி?"

"அப்பா."

"இது?"

"அப்பா."

"இதுல அப்பா எப்படி இருக்கார்?"

உற்றுப் பார்த்தாள். "சட்டை போட்டிருக்கார்."

கதவோரம் நின்ற சரோஜினி, "பிள்ளை சரியாத்தான் சொல்லுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் இந்த ஒரே மூஞ்சியத்தான் பாக்குறேன்" என்றாள்.

அந்த வாரமே டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் கெசியா என் சட்டையில் ரசத்தைக் கொட்டினாள். கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தேன். அது அடங்குவதற்குப் பதிலாக, பழக்கதோஷத்தில் ஸ்டேஷன் குரல் வெளியே வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அப்பாவின் கோபம் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

கெசியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்ததில்லை. பிறகு நிதானமாக எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள்: "எங்கேருந்து வருது?"

"சாப்பாட்டு மேசையிலிருந்து" என்றேன். அதற்குள் வண்டி ரத்தாகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து வீடு ஸ்டேஷனாயிற்று. அம்மாவின் தலைவலி பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தது. அப்பாவின் பசி குறித்த நேரத்துக்கு முன்பே வந்தது. சாயங்காலங்களில் ஏரியிலிருந்து ஈரக்காற்று ஜன்னல் வழியாக நுழைந்து, திரைச்சீலையைக் கையால் விலக்குவதுபோல் விலக்கும். எங்கோ ஒரு நாரை கத்தும். அரைக்கண் மூடிய கெசியா, "கெசியாவின் தூக்கம் ஏரி வழியாக வந்துகொண்டிருக்கிறது" என்பாள். அது வருவது எங்களுக்கும் கேட்பதுபோல் இருக்கும், தண்ணீர்மேல் சக்கரம் உருளும் மெல்லிய சத்தத்தோடு. சரோவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு வழிவிடுவோம்.

"பள்ளிக்கூடத்துலயும் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி இப்படிச் சொல்லிடு, என்ன?" என்று சொல்லி அனுப்பினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. ஜெயப்ரியாவுக்கே பாடம் எடுக்கலாமா என்றுகூட ஒரு யோசனை.

மறுநாள் மத்தியானம் அபிதகுஜாம்பாள் கூப்பிட்டனுப்பினார்.

கெசியா எழுந்து நின்று அழகாக அறிவித்திருக்கிறாள்: கெசியாவின் கோபம் இரண்டாவது பெஞ்சுக்கு வந்து சேரும். பெஞ்சு காலியாகிவிட்டது. மணி அடித்தது. அவள் அமைதியாகத்தான் இருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் பார்த்தாளாம், அந்தப் பக்கம் பார்த்தாளாம். பிறகு என்ன நினைத்தாளோ, டெஸ்கைத் தள்ளி, கத்தி, நகராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலேப் என்ற பையனின் கையைக் கடித்துவிட்டாள்.

"கோபம் வரலைன்னா விட்டுட வேண்டியதுதானே கண்ணு?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்ல" என்றாள்.

சொல்லிவிட்டால் வந்தாக வேண்டும். கோபம் எப்படி வரும் என்று கற்றுக்கொடுத்தேனே தவிர, வந்தபின் என்ன செய்யும் என்று நான் சொல்லவே இல்லை.

"முன்னாடியெல்லாம் எப்ப வரும்னு தெரியாது சார்" என்றார் அபிதகுஜாம்பாள். "இப்ப டயம் தவறாம வருது. இது முன்னேற்றமான்னு எனக்குத் தெரியல. வர்ற வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க. அன்னிக்கு முடிவு பண்ணிடலாம்."

ஸ்டேஷனில் போர்ட்டர் சிட்டிபாபு பிடித்துக்கொண்டான். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வராத வண்டிய நீ எத்தினி தபா வருது வருதுன்னுகினு இருந்துக்கீற! உன் பொண்ணு மேலு சார். சொன்னா கரெக்டா இட்டாந்து வுட்டுடுது!"

அவனைத் திட்ட நேரமில்லை. மைக்கில் அடுத்த அறிவிப்பு. "...அதிவேக வண்டி இந்த நிலையத்தில் நிற்காது. நடைமேடையின் ஓரத்தை விட்டு விலகி நிற்கவும்." தினமும் சொல்கிற வாக்கியம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வதால் நான் அதைக் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கெசியாவைக் கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிப்போனேன். தென்மாவட்ட வண்டிகள் அந்த ஊரை மதிப்பதே இல்லை. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் தண்டவாளத்தின்மேல் தண்ணீர்போல் தளும்பிக்கொண்டிருந்தது. சிக்னல் கம்பம் அதில் முழங்கால் வரை நனைந்து நின்றது. அந்த ஸ்டேஷன்காரர் அறிவித்தார். அவருக்கு ழகரம் வராது. அது வேறு விஷயம்.

"நிக்காதா?" என்றாள் கெசியா.

"நிக்காது."

"வரும். ஆனா நிக்காது?"

"வரும். சத்தம் போடும். காத்தடிக்கும். போயிடும். நாம கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டா போதும்."

வந்தது. முதலில் தரை நடுங்கியது, பிறகு காற்று. காய்ந்த இலைகளும் யாரோ விட்டுப்போன பேப்பரும் எழுந்து பறந்தன. அவள் பின்னல் பறந்தது. காதைப் பொத்தி வாயைத் திறந்து கத்தினாள். நானும் கத்தினேன். இருவர் சத்தமும் எங்களுக்கே கேட்கவில்லை. ஜன்னல்கள் ஒரே கோடாக ஓடின. நிற்பது வண்டி, ஓடுவது நாங்கள் என்று ஒரு கணம் தோன்றியது.

பிறகு ஒன்றுமில்லை. இலைகள் மட்டும் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"போயிடுச்சு" என்றாள். சிறிது நேரம் கழித்து, "இன்னொண்ணு" என்றாள். பொழுது சாயும்வரை இருந்தோம்.

வெள்ளிக்கிழமை. மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அபிதகுஜாம்பாளும் நானும். உள்ளே கெசியா எழுந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கெசியாவின் கோபம் வந்துகொண்டிருக்கிறது."

காலேப் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டான். என் பக்கத்தில் அபிதகுஜாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்த வண்டி மூன்றாம் வகுப்பில் நிற்காது. விலகி நிற்கவும்."

மணி அடித்தது. கெசியா டெஸ்கை விட்டுப் பின்னால் நகர்ந்து, காதைப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். தோள் நடுங்கியது. வாய் திறந்தது. ஏதோ ஒரு நீண்ட சத்தம் பாதி வெளியே, பாதி உள்ளே. அறையில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் அவளைக் கடந்து ஏதோ போய்க்கொண்டே இருந்தது, எத்தனை பெட்டிகளோ.

"போயிடுச்சா?" என்று கிசுகிசுத்தான் காலேப்.

"கடைசிப் பெட்டி போகுது" என்றாள் கெசியா, கண்ணைத் திறக்காமல்.

டெஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் கையை இறக்கி, உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

தீர்ப்பு கேட்கிறவன்போல் நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன்.

"சார்" என்றார் அபிதகுஜாம்பாள்.

"மிஸ்."

"திங்கக்கிழமையிலேருந்து டிபன் பாக்ஸோட ஒரு ஸ்பூன் வெச்சு அனுப்புங்க. கையில சாதம் ஒட்டினா அவளுக்குப் பிடிக்கல." சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

பெரிய ஸ்பூனா, சின்ன ஸ்பூனா என்று கேட்காமல் விட்டோமே என்ற கவலையோடு கேட் வரை நடந்தேன். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் அவர் "திங்கக்கிழமை" என்று சொன்னது உறைத்தது. பூட்டு சரியாகத் தெரியவில்லை. சாவியை நாலைந்து தடவை தப்பான இடத்தில் குத்திக்கொண்டிருந்தேன்.