ஆடில்லாத வீட்டுச் சங்கிலி

பாலகுரு ஆட்டுச் சங்கிலி ஒன்று வாங்கிவந்து கூடத்தில் போட்டான். அந்த வீட்டில் ஆடு கிடையாது. அவன் மனைவி அமிர்தவல்லி சங்கிலியைப் பார்த்தாள். பிறகு, அடுப்படி மூலையில் உட்கார்ந்து வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்த மாமியார் குஞ்சம்மாளைப் பார்த்தாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நாளைக்குப் பூசாரி வர்றாரு. அவரு சரின்னுட்டா அம்மாவ மாட்டுக் கொட்டாயில கட்டிடலாம்."

"ஆசுபத்திரிக்குக் கூட்டினு போலாமேங்க."

"கொழம்புல உப்பு ஜாஸ்தியாப் போட்டாங்கன்னு டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லச் சொல்றியா?"

முதலியார்பேட்டையில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஞாபகம் போய்விட்டது. முதலில் போனது மாமனார் ஆதிமூலத்துக்கு. ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். காலையில் ஆலைச் சங்கு ஊதியதும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். சில நாள் சட்டை மட்டும். வழியில் போலீஸ்காரனைக் கண்டால் பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று சலாம் வைப்பார். ஆலை வாசலில் இருக்கும் காவலாளி அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து, இன்றைக்கு லீவு என்று சொல்லித் திருப்பி அனுப்புவான். தெருவில் யாராவது கையைப் பிடித்து வீடு சேர்ப்பார்கள்.

பெரியவருக்கு ஞானம் முற்றிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. ஒருமுறை அடுத்த வீட்டுக் கொடியில் தொங்கிய பூசணிக்காயைத் தடவி, "அழாத கண்ணு" என்றார். அந்த மாதமே அந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையில்லாதவர்கள் பூசணிக்காயோடு வந்து அவரிடம் தடவிக்கொண்டு போனார்கள். காயை விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் அமிர்தவல்லி சமைத்த பூசணிக்காயை வரிசையாக அடுக்கினால் விழுப்புரம் ஸ்டேஷன் வரை போகும்.

பிறகு குஞ்சம்மாளுக்கும் அதே வந்தது. ஞானம் என்று ஒருவரும் சொல்லவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டபோது கொழுப்பு என்றார்கள். அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டு, பாத்திரத்தின் முன்னால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சோம்பேறித்தனம் என்றார்கள். பெற்ற மகனைப் பார்த்து, யாருப்பா நீ என்று கேட்டாள். அன்றைக்கு அது பேயாகிவிட்டது. வெளியே போய், அம்மா தேடுவாள், என்னை வீட்டில் விடுங்கள் என்று அழுதபோது கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் இல்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசாரி சின்னக்கண்ணு உடுக்கையும் வேப்பங்குழையுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பேய் என்று தெரியும்வரை முகத்தைக் காட்ட மாட்டார். காட்டினால் அது பதுங்கிக்கொள்ளுமாம். அதனால் கேள்விகளை அவர் வெளியிலிருந்தே கேட்பார். வீட்டுப் பெண் யாராவது உள்ளே போய்ப் பதில் வாங்கிவர வேண்டும்.

அமிர்தவல்லி உள்ளே போனாள். குஞ்சம்மாள் பாயில் வாயைத் திறந்தபடி குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஆதிமூலம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தார். அமிர்தவல்லி அவளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். மாமனார் முன்னால் குந்தினாள்.

இது என்ன மாசம் என்று பூசாரி கேட்டார்.

"மழை விடட்டும், சொல்றேன்" என்றார் ஆதிமூலம். வெளியே சித்திரை வெயிலில் காக்கை நிழல் தேடிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி அதை ஓர் எழுத்து மாற்றாமல் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னாள். யார் சொன்னது என்று அவளை யாரும் கேட்கவில்லை.

முற்றத்தில் நிற்கும் பிள்ளை யார்?

"கோழி திருட வந்தவன். விட்டுடாத."

பாலகுருவின் முகம் சுருங்கியது. பூசாரி அடுத்ததைக் கேட்டார்: ஊரை ஆளுவது யார்?

"குவர்னர் தொரை."

பூசாரி உடுக்கையை ஓங்கி அடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். "இது வெள்ளைக்காரப் பேய். கப்பலை வுட்டுட்டு நம்ம வேப்பமரத்துல குந்தினு இருந்திருக்கு." மொட்டையடிக்க வேண்டும், சங்கிலி பூட்ட வேண்டும், மிளகாய்ப் புகை போட வேண்டும், அடங்காவிட்டால் வேப்பங்குழையால் வெளுக்க வேண்டும் என்று வைத்தியம் சொன்னார். பாலகுரு சங்கிலியைக் கையில் எடுத்தான்.

"இட்டுனு வாம்மா வெளிய" என்றார் பூசாரி.

அமிர்தவல்லி மாமனாரைக் கைபிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள். "பதில் சொன்னது இவருதாங்க. அத்த தூங்கினு இருக்காங்க. மொட்டை போடுற வேலையில்ல, ஏற்கெனவே மொட்டைதான்."

உடுக்கை நின்றது. பூசணிக்காயோடு வாசலில் வந்து நின்ற ஒருத்தி, காயைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். ஆதிமூலம் மகன் கையிலிருந்த சங்கிலியை அக்கறையோடு பார்த்தார்.

"ஆடு எங்கப்பா ஓடிப்போச்சு?"

பூசாரி தொண்டையைக் கனைத்தார். பெரியவர் விஷயம் வேறு, அவருடையது ஞானம் என்றார்.

"அதே பதிலுக்குத்தானேங்க இப்ப மொளகாய்ப் பொகை போடச் சொன்னீங்க. சாமின்னா ரெண்டு பேரும் சாமி. பேயின்னா மொதல்ல இவருக்குப் பூட்டுங்க. உங்க கையாலயே பூட்டுங்க."

கனகசெட்டிக்குளத்தில் அவசரமாக ஒரு பேய் காத்திருப்பது பூசாரிக்கு ஞாபகம் வந்தது. போகிற வேகத்தில் வேப்பங்குழையை விட்டுவிட்டுப் போனார். பாலகுரு யார் முகத்தையும் பார்க்காமல் சங்கிலியைக் கிணற்று வாளியில் கட்டினான். அளவு சரியாக இருந்தது.

மத்தியானம் கூடத்திலிருந்து ஆதிமூலம் குரல் கொடுத்தார். "ஏய், சோறு போடு."

மாசம் மறந்துபோயிருந்தது. மகன், கொடி, பெண்டாட்டி பேர் எல்லாம் போயிருந்தன. அந்த 'ஏய்' மட்டும் கெட்டியாக இருந்தது. அடுப்படியில், தன் பேரே தெரியாத குஞ்சம்மாள் அந்தக் குரலுக்குச் சட்டென்று எழுந்து தட்டைத் தேடித் துழாவினாள்.

அமிர்தவல்லி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். இலையைப் போட்டாள். சோற்றைப் போட்டுப் பூசணிக்காய்க் குழம்பை ஊற்றினாள். அந்த வீட்டில் ஆம்பளைக்கு முன்னால் பொம்பளை சாப்பிட்டது கிடையாது.

"சாப்புடுங்க அத்த."

குஞ்சம்மாள் கையை வைக்கவில்லை. கூடத்துப் பக்கம் பார்த்து ரகசியமாகச் சொன்னாள்: "அவரு இன்னும் சாப்புடலியேம்மா."

அது மட்டும் மறக்கவில்லை.

அமிர்தவல்லி கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்: "இப்பத்தானே மாமா சாப்புட்டீங்க. கைய கூடக் கழுவினீங்களே."

ஆதிமூலம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். யோசித்தார்.

"ஆமா" என்றார். "உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."