நாலு ரப்பர் பேண்டு

…இல்லை, பிரெய்ன்டலேதான் கைப்பழக்கத்தில் இப்போது ரப்பர் பேண்டை மாட்டியிருப்பாள், அசதியில் கை என்ன செய்கிறது என்று மனசுக்கு எங்கே தெரிகிறது, ஆனால் பையை இப்போதுதானே பிரித்தாள், மகன் கால்மன் மத்தியானம் வேதப் பள்ளி விடுதியிலிருந்து கொண்டுவந்து போட்ட அழுக்குத்துணிப் பை, கைவிட்டு முதலில் உருவியதே இந்தத் தொங்கல் சட்டைதான், யூத ஆண்பிள்ளை தினமும் மேலுடைக்கு அடியில் போட்டே ஆகவேண்டிய வேதக் கட்டளைச் சட்டை… நாலு மூலையிலும் நூல் தொங்கல், நாலிலும் நீல ரப்பர் பேண்டு. கொத்தமல்லிக் கட்டில் வருகிற நீலம், இவள் சேர்த்துவைக்கிற நீலம். இயந்திரத்தில் போட்டால் நூல் ஒன்றோடொன்று சிக்கி உயிரை வாங்கும் என்று சுருட்டிக் கட்டியே துவைப்பாள், கட்டோடே மடித்துக் கொடுப்பாள், போடுகிறவன் கழற்றிக்கொள்ள வேண்டும். கழற்றவில்லை என்றால்… போடவில்லை. கடவுளே, போடவே இல்லையா, நம்பிக்கையே விட்டுப்போய்விட்டதா?

மூன்று வயதில் முதல் தொங்கல் சட்டை போட்டபோது, துவைக்கக் கழற்றினால் தெருவே கூடும்படி அழுவான், நூல் நுனியைச் சப்பிச் சப்பி ஈரமாக வைத்திருப்பான், அந்தப் பயலா? எதிர் பால்கனியிலிருந்து ஃப்ரேடா கத்துகிறாள், "என்னடி, துணியைக் கையில வச்சுக்கிட்டுத் தவம் பண்றே? வெயில் போயிடும்!" "உன் வீட்டுத் துணியைப் பாருடி," என்று இவளும் கத்தினாள், ஆனால் சட்டையைச் சட்டென்று கைக்குள் சுருட்டிக்கொண்டாள், ஃப்ரேடாவுக்குக் கழுகுக் கண், அவள் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும். மகள் ரெய்சலைப் பெண் கேட்டு ஒரு நல்ல இடம் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது, அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே அண்ணன் எப்படி என்பதுதான். வீட்டுக்காரர் ஹெர்ஷல் கத்தமாட்டார், கத்தினால்கூடத் தேவலை. காலையில் ஜபத்தில் நாலு தொங்கலையும் விரலில் சேர்த்துக் கண்ணில் ஒற்றி முத்தமிடுகிற மனுஷன், பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், அந்த வீட்டில் எப்படிச் சமைப்பது, எப்படித் தூங்குவது…

"அம்மா." பால்கனி வாசற்படியில் கால்மன், வீட்டுக்குள்ளும் நீள அங்கியைக் கழற்றவில்லை, பொத்தான் எல்லாம் போட்டபடி, உள்ளே தொங்கல் உண்டா இல்லையா தெரியாதபடி, குளிருதாம், அடுப்பு எரிகிற வீட்டில் என்னடா குளிர்… "என் துணியெல்லாம் பார்த்தியாம்மா?"

"பார்க்க என்னடா இருக்கு, அழுக்குத்துணிதானே. பார்லி சூப் இருக்கு, போய்க் குடி."

"எல்லாத்தையும் பார்த்தியான்னு கேட்டேன்."

"ஆறிடும்டா. போ."

அவன் போகவில்லை, இவள் கையைப் பார்த்தான், கைக்குள் இருந்ததைப் பார்த்தான், பிறகு போனான். பிரெய்ன்டல் ஒவ்வொரு பேண்டாகக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டாள், அழுக்கே ஆகாத சட்டையை மற்ற துணியோடு இயந்திரத்தில் திணித்தாள், ஹெர்ஷல் பார்த்தாலும் எல்லாம் வழக்கம்போல, ரெய்சல் கல்யாணம் முடியட்டும், அப்புறம்… போன தடவைகூட இந்தச் சட்டை சோப்பு மணத்தோடுதானே திரும்பி வந்தது? பிள்ளை சுத்தமாக இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டாளே, மக்கு. அப்போது பேண்டு இல்லை, கழற்றிக் கசக்கிப் போட்டிருக்கிறான், அம்மா கண்ணில் படக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை. அவ்வளவு ஜாக்கிரதைக்காரன் இன்று நாலையும் மறப்பானா? மறக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாததை, இந்த வீட்டில் அழுக்குத்துணிப் பையில் கைவிடுகிற ஒரே ஆளிடம் சொல்லியிருக்கிறான், போதாதென்று நேரில் வந்து நின்று இரண்டு தரம் கேட்டான்… இவள் சூப் குடிக்கச் சொன்னாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள், கேட்கவில்லை, குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறானா, எழுந்து போய்விட்டானா, எட்டிப் பார்க்க நாலு எட்டுதான், கால்தான் நகரவில்லை.