திருப்பி வைத்த தட்டு

மல்வேர்னில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு மேசை உண்டு. என் கணவர் ஜோசுவா ரைபிள் தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்து போடும் மேசை. கடைத் தோட்டாவைவிடத் தன்னுடையது குறி தப்பாது என்பது அவருடைய பெருமை. அந்த மேசையில் நான் எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். சட்டம் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். தட்டில் ஐம்பது பித்தளைத் தோட்டாக் கோதுகள், பத்துப் பத்தாக ஐந்து வரிசை. முதல் வரிசைக்கு மருந்து போட்டுவிட்டுப் போன் கதைக்க மேலே போயிருந்தார். கோப்பை வைக்க இடமில்லை. தட்டைத் தூக்கி, கோப்பையை வைத்து, தட்டைத் திரும்ப வைத்தேன். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று யார் பார்த்தது?

இறங்கி வந்தவர் தேத்தண்ணி ஆறிவிட்டது என்றார். சண்டை பிடித்துக்கொண்டோம். வழக்கமாக டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்ப்பவர், அன்று கோபத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து மளமளவென்று மருந்து போட்டு, குண்டுகளையும் வைத்து அழுத்திவிட்டார்.

கை படிந்த பிறகு செய்யும் கடைசி வரிசை எப்போதும் அவருடைய தமையனுக்குத்தான்; வெள்ளிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நகரின் மறு பக்கம் பார்க்டேலில் இருக்கும் சீமோன் அண்ணை வேறொரு கிளப்பில் சுடுவார். சனிக்கிழமை காலையில் இருவரும் அவரவர் இடத்தில் சுட்டு, இலக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பிப் போட்டி போடுவார்கள். அண்ணையின் தோள் நோவுக்காக இந்த முறை எல்லாவற்றுக்குமே வேகமாக எரியும் வேறு மருந்தை, கோதில் பாதிகூட நிரம்பாத அளவில்தான் போட்டிருந்தார்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். முதலில் ஐந்து கடைத் தோட்டா. நூறு மீட்டரில் ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. பிறகு தன்னுடைய பெட்டியைத் திறந்து முதல் வரிசையில் ஒன்றை எடுத்துப் போட்டார்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம். தாளில் ஓட்டை இல்லை. குறி தப்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்ததை எடுத்தார்.

கடைத் தோட்டா இப்படிச் சத்தம் போடவில்லையே. காதுமூடியோடு இருப்பவருக்கு எங்கே கேட்கும்? கையை உயர்த்திக் கத்தினேன். சுடுதளப் பொறுப்பாளர் எல்லோரையும் நிறுத்தினார்.

ஜோசுவா குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் நின்றது.

"குண்டு உள்ளுக்க நிக்குது. மருந்தே இல்லை, அடியில இருக்கிற கேப் மட்டும் தள்ளியிருக்கு. அடுத்ததில மருந்து இருந்து அடிச்சிருந்தா என்ர முகத்திலதான் வெடிச்சிருக்கும்."

பெட்டியில் மிஞ்சியதைத் தராசில் போட்டார்கள். முதல் வரிசையில் பாக்கி ஒன்பதும் எடை குறைவு. மற்ற முப்பதும் சரி.

"றஜி, தட்டை ஆரும் தொட்டதே?"

"நான்தான். கோப்பை வைக்க இடமில்லை. தூக்கித் திருப்பி வைச்சிட்டன் போல."

அவர் திட்டவில்லை. விரலால் காற்றில் வரிசைகளை எண்ணினார். முதல் வரிசை கடைசிக்கும், வெறுமையாக இருந்த கடைசி வரிசை முதலுக்கும் போயிருக்கிறது. கடைசிக்கு வந்தபோது அதன் மேலேயே மறுபடி போட்டிருக்கிறார். மருந்து குறைவென்பதால் இரண்டு மடங்கும் வழியாமல் உள்ளே அடங்கிவிட்டது.

"கடைசிப் பத்தும் அண்ணையிட்ட, சுட்டா துவக்கே வெடிக்கும்," என்றார்.

மணி பத்தரை. அவர்கள் சுடத் தொடங்குவது பத்து மணிக்கு. போனைப் பார்த்தார். அண்ணையின் படம் இன்னும் வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஜெபிக்கவில்லை, அந்தக் கோப்பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தரையில் வைத்திருக்கலாம். படியில் வைத்திருக்கலாம். கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

நாலாவது முறை யாரோ எடுத்தார்கள். அண்ணை இல்லை. அறியாத ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், மிக அமைதியாக, நீங்கள் இவருடைய குடும்பமா என்று கேட்டது.

ஜோசுவா போனை என் கையில் தந்தார்.