கழுகுக்கண் டாக்டரும் மஞ்சள் வட்டமும்

எக்ஸ்ரே படம் திரையில் முழுதாக விரிவதற்குள் கழுகுக்கண் டாக்டரின் வாயில் நோயின் பெயர் வந்துவிடும். அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குச் சூட்டவில்லை. அவரே சூட்டிக்கொண்டு, ஊரார் சொல்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று திரையில் இருந்தது அவருடைய தங்கை கணவரின் நெஞ்சு. மனிதர் ஏணியிலிருந்து விழுந்து, விலாவைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏணியில இருந்து விழுந்தா வேற என்ன மாப்பிள்ளை, விலா எலும்புல விரிசல்தான். இதோ பாருங்க."

மருத்துவமனை புதிதாக வாங்கியிருந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம். டாக்டர் முடிவைப் பதிந்த பிறகு, படத்தில் வேறு ஏதாவது பட்டால், 'இன்னொரு இடமும் சந்தேகமாக இருக்கிறது, காட்டட்டுமா?' என்று கேட்கும். அன்றும் கேட்டது. கழுகிடம் கேட்கிற கேள்வியா அது? 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

"என்னமோ கேட்டுச்சே மச்சான்?"

"நேத்து வந்தது, எனக்குப் பாடம் எடுக்குது."

விலா ஆறியது. இருமல் ஆறவில்லை. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்த வேறொரு மருத்துவர், நுரையீரலில் கட்டி, நன்றாக வளர்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை இனி சுலபமில்லை என்றார்.

கழுகுக்கண் தன் அறைக்குப் போய்ப் பழைய படத்தைத் திறந்து, 'காட்டு' என்பதை அழுத்தினார். கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின் நிழலில் மஞ்சள் வட்டம். அதற்குள் பட்டாணி அளவு வெளுப்பு. அன்று விரிசல் கிடைத்ததுமே அவர் கண் கடையைக் கட்டிவிட்டிருந்தது.

அறை வாசலில் தங்கையும் அவள் கணவரும் நின்றார்கள்.

"அண்ணே, அன்னைக்கே இது இருந்துச்சா?"

'படம் சரியா விழல' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அழகான பொய், மருத்துவமனையே ஒத்து ஊதியிருக்கும்.

"இருந்துச்சும்மா. காட்டட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."

தங்கை திட்டியிருந்தால் தேவலை. திரைக்கு அருகே வந்து அந்த மஞ்சள் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது சொல்றதெல்லாம் வேதவாக்குன்னு யாரு சொன்னா மச்சான்?" என்றார் கணவர். "இன்னொரு தடவை பாருன்னுதானே கேட்டுச்சு. எனக்காக வேணாம், இவளுக்காகவாவது பாத்திருக்கலாம்."

மறுநாள் முதல் படத்திலேயே மென்பொருள் கேட்டது. காட்டச் சொன்னார். அது வட்டமிட்டது ஒரு சட்டைப் பொத்தானை. டாக்டர் அதையும் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார்.

"பொத்தானுக்குப் போய் இவ்வளவு நேரமா சார்?" என்றாள் படமெடுக்கும் பெண்.

"பொத்தான்தான்னு பாத்த பிறகுதானேம்மா தெரியுது. தேடினது கிடைச்சதும் கண்ணு மூடிக்கும். அப்போ 'இன்னொரு தடவை பாரு'ன்னு யார் சொன்னாலும், மெஷினே சொன்னாலும், பாத்துடணும். இல்லேன்னா நம்ம கர்வத்துக்கு அடுத்தவன் உடம்பு பதில் சொல்லும்."