திருப்தி நூறு சதவீதம்

ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் ஒரு கல்லூரியின் வணிகவியல் துறை ‘நாளைய முதலாளிகள்’ என்று ஒரு தொழில் யோசனைப் போட்டி நடத்தியது. “இது வெறும் போட்டி இல்ல, வேலைக்கு ஒத்திகை” என்று துறைத் தலைவர் சின்னச்சாமி ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, மூன்றாமாண்டுப் பையன்களையெல்லாம் டை கட்ட வைத்துவிட்டார்.

முதலில் மேடையேறிய அணி ஏலக்காய் சோப்பு என்றது. அடுத்தது ஏலக்காய் பிஸ்கெட். மூன்றாவது அணி ஏலக்காய் ஊதுபத்தியைக் கொளுத்தியே காட்டியது. நான்காவதாக முத்துப்பிரியாவும் இனியவனும் மேடையேறி “யானை” என்றதும் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முத்துப்பிரியாவுக்கு ஊர் தேவாரம். அப்பா பெயர் சுருளி, மலையடிவாரத்தில் வாழை போட்டிருந்தார். இனியவன் போடிக்காரன், மூன்று வார்த்தை பேசினால் இரண்டு இங்கிலீஷில் இருக்கும். இருவரும் இயற்பியல் துறை நண்பன் ஒருவனைப் பிடித்து ‘யானை மணி’ செய்திருந்தார்கள். தோட்டத்து ஓரத்தில் ஒரு கம்பம், அதில் சென்சார், உள்ளே ஒரு சிம். பெரிய உருவம் எதுவும் தாண்டினால் தோட்டக்காரரின் போன் அடிக்கும். ‘உங்கள் தோட்டத்தில் யானை’ என்று முத்துப்பிரியாவின் பதிவு செய்த குரல் சொல்லும். இரண்டு வாரமாக அது சுருளியின் தோட்டத்தில் நின்றது.

கடைசிப் படத்தில் இனியவன் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: ‘வாடிக்கையாளர் திருப்தி – 100%’.

நடுவர்களில் அனுசியா என்பவர் மதுரையில் பம்புசெட் கம்பெனி நடத்துகிறவர். “எத்தனை வாடிக்கையாளர்?” என்று கேட்டார்.

“பைலட் ஸ்டேஜ், மேடம்.”

“சரி, எத்தனை?”

“ஒருத்தர்.”

“அந்த ஒருத்தர்கிட்டப் பேசலாமா?”

நூறு சதவீதம் எப்படி வந்தது என்று முத்துப்பிரியாவுக்குத்தான் தெரியும். ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டிருந்தாள். “நல்லாருக்குத்தா” என்றார் அவர். அவர்கள் எடுத்த கருத்துக்கணிப்பு மொத்தமும் அவ்வளவுதான். மிஷினைச் சொன்னாரா உடம்பைச் சொன்னாரா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மைக்குக்குப் பக்கத்தில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

“யப்பா, பிரியா பேசுறேன். காலேஜ் மேடையில இருக்கேன். நம்ம தோட்டத்து மிஷினப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

“என்னத்தா புதுசா ‘சொல்லுங்க’ங்கிற? மேலுக்குச் சரியில்லையா?”

அரங்கம் சிரித்தது. சுருளிக்கு அது கேட்கவில்லை.

“மிஷினா? அது பாட்டுக்குக் கத்துதுத்தா. பக்கத்துத் தோட்டத்து மாடு வந்தா கத்துது. ஒங்க சித்தப்பன் மோட்டாரு போட வந்தா கத்துது. நேத்து நானே உள்ள போறேன், என் போனு அடிக்குது, ‘உங்கள் தோட்டத்தில் யானை’ன்னு. நான்தான்னு அதுகிட்ட எப்படிச் சொல்ல? ஒன் கொரலாச்சேன்னு வையவும் முடியல.”

இப்போது ஊதுபத்தி அணி மேசையைத் தட்டிச் சிரித்தது. இனியவன், “சிக்னல் ப்ராப்ளம் சார்” என்று சொல்லிக்கொண்டே போனை அணைக்கக் கை நீட்டினான். முத்துப்பிரியா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

“நெசமாவே யானை வந்துச்சாப்பா?”

“வந்துச்சே. போன வெள்ளிக்கெழம, பொழுது அடையிற நேரம். அதுக்கும் கத்துச்சு. எப்பவும் கத்துறதுதானன்னு நான் சோத்தத் தின்னுக்கிட்டிருந்தேன். பத்து வாழை போச்சு.”

சிரிப்பு நின்றது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“போட்டிக்கு நிக்கிற பிள்ளைகிட்ட அதப்போயி எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று மணி அடித்தது. முத்துப்பிரியா கையிலிருந்த குறிப்புத்தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

“அப்ப எப்படி இருந்தா ஒனக்கு ஒதவும், சொல்லு.”

“வாழைக்குள்ள வந்தப்புறம் சொல்லி என்ன செய்ய? எலையப் போட்டுப் பரிமாறவா? மலைய விட்டெறங்கி ஓடையத் தாண்டையிலயே சொல்லணும். எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது. பக்கத்துல நாலு தோட்டத்துக்காரனுக்கும் சேத்துச் சொல்லணும். ஒத்த ஆளு வெளக்கடிச்சு வெரட்டுனா அது மதிக்காது. சரி, வைக்கவா? சோலி கெடக்கு.”

அவர் வைத்துவிட்டார். முத்துப்பிரியா நடுவர்களைப் பார்த்து, “அந்த நூறு சதவீதத்தை எடுத்துடறோம்” என்றாள். “எங்ககிட்ட இன்னும் விக்கிற மாதிரி பொருள் இல்ல. தப்பு எங்கன்னு இப்பத்தான் தெரியுது.”

முதல் பரிசு ஏலக்காய் சோப்புக்குப் போனது. மூன்றாம் பரிசுகூட இவர்களுக்கு இல்லை. சின்னச்சாமி, போனை அணைக்க விடாமல் மேடையிலேயே உண்மை பேசிய மாணவியை என்ன செய்வது என்று தெரியாமல் டையைத் தளர்த்திக்கொண்டார். “அப்பவே அத அணைச்சிருந்தா பரிசு நமக்கு” என்று இனியவன் அழாத குறையாகச் சொன்னான், அத்தனையும் தமிழில்.

சாப்பாட்டு நேரத்தில் அனுசியா அவளைத் தேடி வந்தார்.

“பரீட்சை முடிஞ்சதும் மதுரைக்கு வர்றீங்களா? ஆறு மாசப் பயிற்சி, அப்புறம் வேலை. பம்பு ஓடலன்னு விவசாயி திட்டும்போது போனை வைக்காத ஆளுதான் எனக்குக் கிடைக்க மாட்டேங்குது.”

“பம்பப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, மேடம்.”

“யானையைப் பத்தித் தெரிஞ்சா மேடையேறினீங்க?”

வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

இனியவன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், சனிக்கிழமை காலை, அவளுக்கு முன்பே தேவாரம் பஸ்சில் ஏறி உட்கார்ந்திருந்தான். இருவரும் சுருளியுமாகக் கம்பத்தைப் பிடுங்கி, ஓடைக்கு மேல்கரையில் நட்டார்கள். மாட்டின் தலைக்கு எட்டாத உயரத்தில் சென்சாரை ஏற்றிக் கட்டினார்கள். பிறகு இனியவன் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் போன் நம்பர் வாங்கக் கிளம்பினான். மூன்று பேர் உடனே கொடுத்தார்கள். நான்காவது ஆளான முத்துக்கண்ணன் மம்பட்டியை ஊன்றி நின்று, “யானை வருசத்துக்கு நாலு தரம்தான் வருது தம்பி. பன்னி தெனம் வருது. அதுக்கு என்ன வச்சிருக்க?” என்று கேட்டார்.

இனியவன் வரப்பில் உட்கார்ந்து, “எத்தன மணிக்குண்ணே வரும்?” என்று கேட்டு எழுதத் தொடங்கினான்.