ஆடு பாலத்தைக் கடந்த வருஷம்

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில், எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை சொல்லை முடிக்கும்வரை சுவர்க்கடிகாரம் நகராது. பள்ளியில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிய அளவுகூட யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. கிழிந்த விளையாட்டு மெத்தைகளையும் கால் ஒடிந்த நாற்காலிகளையும் ஓரங்கட்டிவிட்டு, நடுவில் ஓர் அரைவட்ட மேசை போட்டிருந்தார்கள். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் நாலு நாலு பேராக வந்து அரைமணி நேரம் படித்துவிட்டுப் போவார்கள். வெளியேதான் அது அரைமணி. உள்ளே எவ்வளவு என்பது அந்தந்தப் பிள்ளையைப் பொறுத்தது. அப்படி நீண்ட நேரமெல்லாம் பிள்ளைகள்மேல் ஒட்டாது, காத்திருந்தவர் வயதில் போய்ச் சேரும்.

காத்திருந்தவள் சின்ன டீச்சர். வேலைக்குச் சேர்ந்தபோது அவள்தான் எல்லாருக்கும் இளையவள் என்பதால் வந்த பெயர். சில வருஷங்களில் அவள் தன் அக்காவை வயதில் தாண்டினாள், பிறகு தலைமை ஆசிரியையைத் தாண்டினாள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பிள்ளை திணறும்போது சொல்லை எடுத்துக் கொடுக்கமாட்டாள். முதல் எழுத்தின் கீழ் விரலை வைப்பாள், அவ்வளவுதான். மற்ற மூன்று பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது அவர்களுக்குப் படிப்பதைவிடப் பெரிய கஷ்டம்.

அந்த வருஷம் வந்த நால்வரில் ஒருத்தி வாயாடி, மூன்றாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் கேட்பவர் காது புளித்துவிடும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வருஷக் கடைசியில் ஒரு பக்கத்தைத் தனியாக வாசிக்காவிட்டால் வீட்டைவிட்டு எங்கோ தூரத்திலிருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவளுக்கு வாய்த்த பக்கத்தில் ஓர் ஆடு ஆற்றங்கரையில் நின்றது. அடுத்த சொல் 'பாலத்தை'. அங்கே வந்ததும் வாயாடி நின்றுவிடுவாள். ஆடும் நிற்கும், கடிகாரமும் நிற்கும்.

சின்ன டீச்சரின் அம்மா தையல்காரி. தன்னைவிட ஒருநாள் மூத்தவரைக்கூட மரியாதை குறைத்துக் கூப்பிட்டறியாதவள். ஒருநாள், மகள் மறந்துவைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்தவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே வாயாடி மூச்சை இழுத்தாள். அதை விடுவதற்குள் மகளின் முன்முடி நரைத்துவிட்டது. அன்று மாலை தையல் மெஷின் ஓடவில்லை.

"பெத்தவ நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ எனக்கு முன்னாடி போயிருவ போலிருக்கே. யாரோ பெத்த புள்ளைக்காக நீ ஏன்டி கிழவியாகணும்?"

"நான் அவசரப்பட்டா அவ ஊமையாயிருவாம்மா."

"எப்படியாவது நாளைக்கே முடிச்சிட்டு வா."

மறுநாள் அம்மாவின் முகமே கண்ணில் நின்றது. வாயாடி ஆற்றங்கரைக்கு வந்ததும் சின்ன டீச்சர் தன்னையறியாமல் "பாலத்தை" என்று சொல்லிவிட்டாள். கடிகாரம் தடதடவென்று ஓடியது, மணி அடித்தது, வாயாடி புத்தகத்தை மூடினாள். "நீங்களே சொல்லிட்டீங்களே டீச்சர்," என்றாள் நிம்மதியாக. அதன்பிறகு தெரிந்த சொற்களுக்குக்கூட அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை, டீச்சரின் உதட்டைத்தான் பார்த்தாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சின்ன டீச்சர் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லின் கீழ் விரலை வைத்தாள். அந்த ஒரு சொல்லுக்குள் மழைக்காலம் வந்து போனது. மெத்தைகளின் மேல் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து அங்கேயே கூடு கட்டின. டீச்சரின் விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக வீங்கின. விரல் மட்டும் நகரவில்லை. மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே வாயாடியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வாயாடி முதலில் டீச்சரின் உதட்டைத் தேடினாள், பிறகு அழுதாள், பிறகு வேறு வழியில்லாமல் குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். "பா," என்றாள். ஒரு கோடைகாலம் கழித்து, "பால... பாலத்தை." ஆடு கடந்தது. பக்கத்தின் கடைசிவரை அவள் வேறெங்கும் நிற்கவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியையின் முன்னால் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, கேட்காமலேயே அடுத்த பக்கத்துக்கும் போனாள். போதும் என்று புத்தகத்தைப் பிடுங்க வேண்டியதாயிற்று. விடுதிப் பள்ளிப் பேச்சு அத்தோடு அடங்கியது.

மாலையில் கதவைத் திறந்த அம்மா, முந்தின நாள் தன் மகள் வீடு திரும்பிய கோலத்தையே இன்னும் நம்பாதவளாக, எதிரே நின்ற கிழவியை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"புள்ளை படிச்சிருச்சா?"

"படிச்சிட்டாம்மா. அடுத்த பக்கமும்."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள்.

அடுத்த வருஷம் புதிதாக நாலு பிள்ளைகள் வந்தார்கள். காலை நேரங்களில் அம்மா தெருமுனைவரை ஓடிவந்து, "கண்ணாடிய மறந்துட்டீங்களேக்கா," என்று மூச்சிரைக்கக் கொடுப்பாள். "சரிம்மா," என்று அதை வாங்கி மாட்டிக்கொண்டு சின்ன டீச்சர் வேலைக்குப் போவாள்.