இருபது கிராமுக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு மருத்துவ அறிக்கையின் ஒரே வரியிலிருந்து வந்தது: 'நோயாளி முயற்சி செய்யவில்லை.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற அமர எழுதலாம் என்று மூன்று நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

முதல் தொடக்கம்: 'தொடுதிரை மேசையின் மேல் காலை வெயில் சாய்வாக விழுந்து...' வேண்டாம். வெயிலை வருணிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

2

அவள் தொடுதிரை மேசை செய்யும் நிறுவனத்தில் அளவு சரிபார்ப்பவள். பத்து விரலையும் ஒன்றாக வைத்தாலும் எந்த விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று அந்த மேசைக்குத் தனித்தனியாகத் தெரியும். எது விரல், எது வெறும் உரசல் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. சோதனைக்கு உட்கார்ந்த அலுவலக ஆட்களின் சட்டைக்கை பட்டதற்கெல்லாம் மேசை பதில் சொன்னது. சலித்துப்போய் ஒரு கோடு போட்டாள்: இருபது கிராமுக்குக் கீழே எதுவும் விரல் இல்லை.

(கோட்டை வேறு யாரோ போட்டதாகவும் எழுதிப் பார்த்தேன். அவள் நல்லவளாகிவிட்டாள், கதை செத்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

3

அவளுடைய அக்காவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பயிற்சி தரும் மருத்துவமனையிலும் அதே மேசைதான். திரையில் வட்டம் வரும், தொட வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு தொடுகைகூடப் பதிவாகாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

"நான் அழுத்துறேன்டி. அது எடுத்துக்க மாட்டேங்குது."

"முழுசா அழுத்துக்கா."

"இதுதான் என் முழுசு."

அன்றைக்கே அவள், விரல் இல்லை என்று அந்த மருத்துவமனை மேசை கழித்துக்கட்டிய பதிவுகளைத் திறந்தாள். எட்டு கிராம். ஒன்பது. பதினொன்று. மொத்தம் நாற்பத்து மூன்று முறை, அத்தனையும் வட்டத்துக்குள்.*

* எந்தச் சட்டைக்கையும் நாற்பத்து மூன்று முறை வட்டம் தேடிப் போய் விழாது.

4

மேலாளருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் கத்தவும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"கோட்டை இறக்கினா எல்லார் சட்டையும் பதிவாகும்மா."

"அக்காவோட மருத்துவ அறிக்கையையாவது மாத்தச் சொல்லலாமே சார். முயற்சி பண்ணலன்னு போட்டிருக்காங்க."

"மேசை தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? அளவுச் சான்றுல இருக்கறது உங்க கையெழுத்து. யோசிச்சுக்கோங்க."

[இங்கே அரைப் பக்கத்துக்கு அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கிறேன்: வலுவுள்ள கைகளை வைத்து அளவெடுத்துவிட்டு, வலுவிழந்த கையைச் சோம்பேறி என்பதா?]

5

நாளைக் காலை பத்து மணிக்கு மருத்துவர்கள் கூடி அக்காவின் பயிற்சியை முடிவுசெய்கிறார்கள். அந்த நாற்பத்து மூன்று பதிவுகளின் அச்சு அவள் பையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் கோடு தன்னுடையது என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை போகும்.

ஒரு முடிவில் கொடுக்கிறாள், மருத்துவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் பையைத் திறக்காமல் திரும்பிவிடுகிறாள். அதற்குப் பிறகு அக்காவை அவள் பார்க்கும் காட்சி எழுத வரவில்லை. மூன்றாவது, 'அவள் கதவைத் தட்டி...' என்பதோடு நிற்கிறது.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் துணிந்தவளாக்குங்கள், பயந்தவளாக்குங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் அக்கா நாற்பத்து மூன்று முறை அழுத்தினாள். அதில் ஒன்றைக்கூடக் குறைக்க விடமாட்டேன்.